பத்தாவது தம்ளர்

உப்புமானி செத்துப்போனதை சௌந்தரவல்லி யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு தப்போடு அவள் நிறுத்திக்கொண்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது.

புன்னைத்திடல் கடலிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர். அந்த நாலு கிலோமீட்டர் எல்லாம் மேலே பார்க்கத்தான். மண்ணுக்கு அடியில் கடல் எப்போதோ ஊருக்குள் வந்துவிட்டது. டெல்டா முழுக்க அப்போது அதே நிலைமைதான். மாலைச் செய்தியில் மழை நிலவரம் முடிந்ததும், உப்புக்கோடு இன்றைக்கு எந்த ஊர்வரை ஏறியிருக்கிறது என்று படம் போட்டுக் காட்டுவார்கள். ஜனங்கள் தங்கம் விலையைப் பார்ப்பதுபோல அதையும் பார்த்துவிட்டு சீரியலுக்கு மாறிவிடுவார்கள்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று இருந்தது. எல்லாத் தெருவுக்கும் எல்லா நாளும் விட அதில் தண்ணீர் இல்லை. யாருக்கு விடுவது என்று மனிதர்கள் முடிவு செய்த காலத்தில் மண்டை உடைந்ததால், அந்தப் பொறுப்பை ஒரு மிஷினிடம் ஒப்படைத்திருந்தார்கள். பங்கீடு என்று அதற்குப் பெயர். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அது ஒவ்வொரு தெருக் கிணற்றின் உப்பு எண்ணையும் பார்க்கும். எண் ஆயிரத்தைத் தாண்டியிருந்தால் அந்தத் தெருவுக்கு வால்வு திறக்கும். தாண்டவில்லை என்றால் திறக்காது. மிஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது என்று மேடைதோறும் பேசினார்கள். உண்மைதான், மிஷினுக்குக் கிடையாது.

எண்களைக் கொடுப்பது அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள். புன்னைத்திடலுக்கு சௌந்தரவல்லி. ரேஷன் கடையில் பதினெட்டு வருடமாக விற்பனையாளர், வயது நாற்பத்தொன்பது, புருஷன் திருப்பூரில். விஞ்ஞானம் பத்தாம் வகுப்போடு விட்டுப்போனது. ஆனாலும் சனிக்கிழமைதோறும் காலையில், தடித்த பேனா மாதிரி இருக்கும் உப்புமானியை எடுத்துக்கொண்டு பத்துக் கிணற்றுக்கும் நடப்பாள். வாளியில் இறைத்து, மானியின் முனையை முக்கி, வருகிற எண்ணைச் செல்போனில் போடுவாள். இரண்டு வருடத்தில் ஒரு வாரம்கூட விட்டதில்லை. ரேஷன் கடைச் சுவரில் 'நீர் விஞ்ஞானி: சௌந்தரவல்லி' என்று ஒரு தகரப் பலகை மாட்டியிருந்தார்கள். பாமாயில் வரவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள்கூட அதைப் பார்த்தால் குரலைக் கொஞ்சம் இறக்குவார்கள். அதில் அவளுக்குச் சந்தோஷம். ஒளிப்பானேன், ரொம்பச் சந்தோஷம்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மானியைப் பார்த்த கையோடு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கிலும் வைத்துப் பார்ப்பாள். அவளுடைய அப்பா கல்யாணச் சமையல்காரர். ஐந்நூறு பேருக்கு சாம்பார் கொதிக்கும்போது கரண்டியிலிருந்து ஒரு சொட்டை மகளின் உள்ளங்கையில் விட்டு, உப்பு பார்க்கச் சொல்வார். அவள் ஒன்றரைக் கை என்றால் ஒன்றரைக் கைதான் போடுவார். அந்த நாக்கு அப்படியே இருந்தது. இரண்டு வருடத்தில் மானியின் எண்ணும் நாக்கின் ருசியும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. மானி அறுநூற்று நாற்பது காட்டும் முன்பே நாக்கு அறுநூற்று நாற்பது என்று சொல்லிவிடும்.

ஒன்பது கிணறுகளில்தான் இந்த ருசி பார்க்கிற பழக்கம். பத்தாவது கிணறு காலனியில் இருந்தது. அங்கே மானியை முக்குவாள், எண்ணைப் போடுவாள், வந்துவிடுவாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மூன்றாவது கிணற்றில் மானி செத்துப்போனது. தட்டிப் பார்த்தாள், வெயிலில் வைத்துப் பார்த்தாள், முந்தானையில் துடைத்துப் பார்த்தாள். சொன்னால் புது மானி வர மூன்று மாதமாகும். அதுவரை ஊருக்கு எண் இருக்காது. எண் இல்லாத ஊருக்கு வால்வு திறக்காது. அவள் ஊருக்காகத்தான் சொல்லவில்லை. பலகைக்காகவும்தான். நாக்கு இருக்கும்போது என்ன பயம் என்று, மீதிக் கிணறுகளை நாக்கால் பார்த்துக்கொண்டே போனாள். கடைசியில் பத்தாவதுக்கு வந்து நின்றாள்.

வாளியில் இறைத்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். கை மேலே போனது, மோவாய்வரை போனது, அதற்குமேல் போகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால், மாமியாருக்குத் தெரிந்தால் பொல்லாப்பு என்று சொல்லியிருப்பாள். மாமியார் செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

பக்கத்தில் குடத்தோடு நின்றவள் தைலம்மை. அங்கன்வாடியில் சமையல் உதவியாளர். ரேஷன் கடையில் அடிக்கடி பார்க்கிற முகம்.

"என்னக்கா, பாத்தாச்சா?" என்று கேட்டாள்.

"பாத்தாச்சு," என்றாள் சௌந்தரவல்லி. கைத்தண்ணீரைக் கீழே விட்டு, நாலாவது கிணற்றின் எண்ணையே பத்தாவதுக்கும் போட்டாள். நாலாவது, கோயில் கிணறு. ஊரிலேயே இனிப்பான தண்ணீர். நானூற்றுப் பத்து. கூப்பிடு தூரத்தில் இருக்கிற கிணறுதானே, அடியில் ஒரே தண்ணீராகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தைலம்மை குடத்தை நிரப்பிக்கொண்டு போனாள்.

ஒரு தடவை செய்தது மறு தடவை சுலபமாகிவிட்டது. மாசி மாதத்தில் உப்புக்கோடு காலனிக்கு அடியில் வந்து நின்றது. சோறு மஞ்சளாக வெந்தது, சோப்பு நுரைக்கவில்லை. காலனியிலிருந்து மூன்று முறை பங்கீட்டுக்குப் போன் செய்தார்கள். மூன்று முறையும் இனிமையான பெண்குரல் ஒன்று, தங்கள் கிணற்றின் எண் நானூற்றுப் பத்து, குடிக்க உகந்தது, புகார் முடித்துவைக்கப்பட்டது, நன்றி என்று சொல்லி வைத்துவிட்டது.

பங்குனியில் தைலம்மையின் மகள் செவ்வந்தி, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தவள், ஏழாம் மாதத்தில் குழந்தையை இழந்தாள். இரத்த அழுத்தம் எகிறிவிட்டது. உப்புத் தண்ணீர் குடித்தால் கர்ப்பிணிக்கு அப்படி ஏறும் என்பது கிராம நர்சுக்குத் தெரியும். அவள் செல்போனை எடுத்துக் கிணற்றின் எண்ணைப் பார்த்தாள். நானூற்றுப் பத்து. அப்படியானால் தண்ணீர் இல்லை, கருவாடு அதிகம் தின்றிருப்பாள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதெல்லாம் சௌந்தரவல்லிக்கு ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் பேசித் தெரிந்தது. தைலம்மை வந்து இயந்திரத்தில் விரலை வைத்தபோது, அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சர்க்கரை நிறுக்கும்போது கை தானாகவே அரைக் கிலோ கூடப் போட்டது. மறுநாள் காலை தைலம்மை ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்து அதை மேஜைமேல் வைத்தாள்.

"கூட வந்துடுச்சுக்கா," என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம் எப்படியாவது பத்தாவது கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துவிடுவது என்று சௌந்தரவல்லி சபதம் எடுத்தாள். போனாள். நாலைந்து பெண்கள் நின்றார்கள்; அவர்கள் பார்க்க நாக்கில் வைக்கக் கூசியது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் வந்துவிட்டது: நானூற்றுப் பத்திலிருந்து திடீரென்று இரண்டாயிரம் என்று போட்டால் யாராவது வந்து தோண்டுவார்கள், மானி செத்தது தெரியும், எல்லாம் தெரியும். நானூற்று இருபது என்று போட்டாள். மனசாட்சிக்குப் பத்து எண் கூட்டிக் கொடுத்தாள்.

ஆடி மாதம் சென்னையிலிருந்து நிவேதன் வந்தான். பங்கீட்டுக்கு மூளை செய்து கொடுத்த ஆராய்ச்சி நிலையத்தில் வேலை, முப்பத்தைந்து வயது, யாரிடமும் குரல் உயர்த்தாதவன். அவளுடைய மானி எட்டு மாதமாகச் செத்துக் கிடப்பதை அங்கே கணினி கண்டுபிடித்திருந்தது. செத்த மானியிலிருந்து எண் எப்படி வருகிறது என்று கேட்கத்தான் வந்திருந்தான். சௌந்தரவல்லி நாக்கைச் சொன்னாள். அவன் நம்பவில்லை. தானே போய் இரண்டு, ஐந்து, ஏழு என்று மூன்று கிணறுகளில் தண்ணீர் பிடித்துவந்து, தன் பெட்டிக் கருவியிலும் வைத்துப் பார்த்தான், அவள் நாக்கிலும் வைத்துப் பார்த்தான். ஏழாவதுக்குக் கருவி எழுநூற்று எண்பத்தாறு என்றது. அவள் எழுநூற்று எண்பது என்றிருந்தாள். அவன் எட்டு மாத எண்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பத்தாவது கிணற்றுக்கு அவன் போயிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். மூன்று கிணறு போதும் என்று அவன் படித்த புள்ளியியல் சொல்லியிருந்தது.

அதற்குப்பிறகு நடந்தது திருவிழா. முதலில் உள்ளூர் நிருபர் ஒருவர் நாக்கை நீட்டச் சொல்லிப் படம் எடுத்தார். மறுவாரம் மூன்று சேனல்கள். 'உப்பு அக்கா' என்று பெயர் வைத்தார்கள். ரேஷன் கடை வாசலில் அரிசி வாங்குகிறவர்களைவிட செல்ஃபி எடுக்கிறவர்கள் அதிகமானார்கள். பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவுக்குக் கூப்பிட்டு, குழந்தைகள் பன்னீர் சோடாவில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து எத்தனை எத்தனை என்று கேட்டார்கள். பட்டம் இல்லாமல், கருவி இல்லாமல், ஒரு சாதாரணப் பெண்மணி விஞ்ஞானம் செய்கிறார் என்று ஒருவர் கண்கலங்கப் பேசினார். எழுதிய ஒவ்வொருவரும் 'பத்துக் கிணறுகள்' என்றே எழுதினார்கள். தனியாக இருக்கும்போது ஒன்பது, ஒன்பது என்று முணுமுணுத்துக்கொள்வாள். மைக் முன்னால் ஒருமுறைகூட அது வாயில் வரவில்லை. பாராட்டு வேண்டாம் என்று அவள் நினைத்தாள் என்று சொன்னால் அது பொய். பாராட்டு பிடித்திருந்தது, அதனால்தான் குற்ற உணர்ச்சி இரட்டிப்பாக இருந்தது.

ஆவணி பிறந்ததும் நிவேதன் மறுபடி வந்தான். முகம் முழுக்கச் சந்தோஷம். கடையின் பின்பக்கத்தில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து விளக்கினான்.

"உங்க பத்தாவது கிணத்து நம்பர் எப்பவும் நாலாவத ஒட்டியே வருது மேடம். மொதல்ல தற்செயல்னு நெனச்சேன். மத்த ஊர் தன்னார்வலர்களோட நம்பரையும் போட்டுப் பாத்தோம். முந்நூத்துப் பன்னண்டு ஊர்ல இதே மாதிரி. ஊர விட்டு ஒதுங்கி ஒரு கிணறு இருக்கும். அதோட நம்பர், ஊருக்குள்ள இருக்கற நல்ல கிணத்தோட நம்பரையே பிடிச்சிக்கிட்டு வரும். அடியில ஏதோ மணல் பாதை இருக்கணும். இதுவரைக்கும் யாருக்கும் தெரியாத விஷயம்."

"அந்த ஊர்ல எல்லாம் மானி வேலை செய்யுதா சார்?" என்று கேட்டாள் சௌந்தரவல்லி.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்களுது ஒண்ணுதான் செத்துப்போச்சு."

முந்நூற்றுப் பன்னிரண்டு ஊர். அந்த ஊர்களில் நாக்கு என்ற சாக்குகூட யாருக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை. கையில் நல்ல மானியை வைத்துக்கொண்டே, அந்தத் தெருவுக்குள் கால் வைக்காமல் திரும்பி வந்து, வீட்டில் உட்கார்ந்து எண் போட்டிருக்கிறார்கள். மண்ணுக்கு அடியில் மணல் பாதை ஒன்றும் கிடையாது. இதை அவள் ஒருத்தியால் ஒரு நொடியில் புரிந்துகொள்ள முடிந்தது. அத்தனை பெரிய ஆராய்ச்சி நிலையத்துக்கு முடியவில்லை.

நிவேதன் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். இனிமேல் அந்த மாதிரிக் கிணறுகளை யாரும் அளக்க வேண்டாம். மிஷினே பக்கத்து நல்ல கிணற்றைப் பார்த்து எண்ணைப் போட்டுக்கொள்ளும். வருகிற திங்கட்கிழமை முதல் ஆறாயிரம் ஊர்களில் அமல்.

"அந்த விதிக்கு உங்க பேரத்தான் மேடம் வெச்சிருக்கோம். சௌந்தரவல்லி விதி."

அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய செல்போன் அடித்தது. திருச்சியிலிருந்து டிவிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நேரலை. பத்துக் கிணற்றுத் தண்ணீரையும் பத்து தம்ளரில் ஊற்றி வரிசை கலைத்து வைப்பார்கள், அவள் குடித்துப் பார்த்துக் கிணற்றையும் எண்ணையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு பெண் தன் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும். நிவேதன் கைதட்டினான். அவள் சரி என்றாள். இல்லை என்று சொன்னால் காரணம் கேட்பார்களே என்றுதான் சரி என்றாள்.

ஞாயிறு காலை வேனில் பத்துப் பெண்கள், பத்து பாட்டில்கள். காலனியிலிருந்து தைலம்மை. கடைசி சீட்டில் பாட்டிலை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மற்ற ஒன்பது பேரும் டிவியில் முகம் தெரியப்போகிற குஷியில் வழியெல்லாம் பூ வாங்கி வைத்துக்கொண்டு வந்தார்கள்.

ஸ்டுடியோவில் குளிர். நீள மேஜையில் பத்து எவர்சில்வர் தம்ளர்கள். பின்னால் பத்துப் பெண்கள் வரிசையாக. கருவியில் முன்பே அளந்த எண்கள் யாருக்கும் தெரியாமல் திரைக்குள் இருந்தன; அவள் பதில் சொன்னதும் திரை அதைக் காட்டும். நிகழ்ச்சி நடத்துகிற ஸ்வரூபா என்கிற பெண், பட்டுப்புடவையில், சிரிப்பு மாறாமல் நின்றாள்.

முதல் தம்ளரை ஒரு மிடறு குடித்தாள். ஏழாவது கிணறு, எழுநூற்றுத் தொண்ணூறு. திரையில் ஏழாவது கிணறு, எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று. கூட்டம் தட்டியது. அடுத்தது இரண்டாவது. அடுத்தது ஒன்பதாவது. கோயில் கிணற்றை உதட்டில் வைத்ததுமே சொல்லிவிட்டாள். அவளுக்கே அந்த வேகத்தில் ஒரு போதை வந்தது. அப்பாவின் அடுப்படியில் நிற்பதுபோல இருந்தது.

ஆறாவதாக வந்த தம்ளரை எடுத்தாள். ஒரு மிடறு. நாக்கு முழுவதும் சுருங்கியது. உப்பு, அதற்குப் பின்னால் ஒரு கசப்பு, அதற்கும் பின்னால் துரு. இரண்டு வருடம் ஒன்பது கிணற்றோடு பழகிய நாக்கு, இது யாரென்று தெரியாமல் விழித்தது. ஒரு மிடறே இறங்க மறுத்தது. இதைத்தான் ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சி குடம் குடமாகக் குடித்தாள்.

அவள் தம்ளரைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். ஸ்வரூபா, "என்னக்கா, கண்டுபிடிக்க முடியலையா?" என்று சிரித்தாள்.

"இந்தத் தண்ணிய நான் குடிச்சதே இல்ல," என்றாள் சௌந்தரவல்லி. "இன்னிக்குத்தான் மொத தடவ."

"அப்ப இது எந்தக் கிணறு?"

"பத்தாவது. காலனிக் கிணறு. ரெண்டாயிரத்து முந்நூறு இருக்கும்."

திரை மின்னியது. பத்தாவது கிணறு, இரண்டாயிரத்து இருநூற்று எண்பது.

ஸ்டுடியோவே எழுந்து நின்று தட்டியது. குடிக்காத தண்ணீரையே கண்டுபிடித்துவிட்டார் உப்பு அக்கா என்று ஸ்வரூபா மைக்கில் கூவினாள். சௌந்தரவல்லி பேசிக்கொண்டுதான் இருந்தாள். எட்டு மாசமா நான் பாக்காமலே போட்டேன், நானூத்துப் பத்துன்னு பொய் போட்டேன் என்று இரண்டு தடவை சொன்னாள். ஆனால் பாட்டுப் போட்டுவிட்டார்கள்; அவளுடைய புடவையில் மாட்டியிருந்த மைக்கின் சத்தத்தை உள்ளே யாரோ குறைத்துவிட்டார்கள். வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, சந்தோஷத்தில் அழுகிற ஒரு பெண்மணி தெரிந்தாள். மீதி நாலு தம்ளர்களும் எப்படி முடிந்தன என்று அவளுக்கு நினைவில்லை. பத்துக்குப் பத்து என்று எழுதிய பெரிய அட்டையைக் கையில் கொடுத்தார்கள். பின்வரிசையில் ஒன்பது பெண்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள். தைலம்மை பாட்டில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

வெளியே வராந்தாவில், நிகழ்ச்சிக்கு வந்திருந்த நிவேதனைப் பிடித்து உட்கார வைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கை மோவாயில் நின்றதைச் சொன்னாள். முந்நூற்றுப் பன்னிரண்டு ஊரில் என்ன நடந்திருக்கும் என்பதையும் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. செல்போனை எடுத்து அந்த ஊர்களின் பட்டியலைத் திறந்தான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு அது தோன்றவே இல்லை, அவ்வளவுதான். அவன் வளர்ந்த தெருவில் தண்ணீர் குழாயில்தான் வந்தது.

"நான் இன்னிக்கே எழுதிப் போடறேன் மேடம். ஆனா விதி நாளைக்குக் காலைல அமலுக்கு வருது. நிறுத்தணும்னா கமிட்டி கூடணும்."

"நான் சரியான நம்பரப் போட்டா?"

"ஒரு நம்பர் பத்தாது. மிஷின் அத பிழைன்னு தள்ளிடும். நீங்க முப்பத்தஞ்சு வாரம் தப்பாப் போட்டிருக்கீங்க. அதுக்கு எதிரா விடாம முப்பத்தஞ்சு நம்பராவது வேணும். தினமும் போடுங்க."

திரும்பி வரும்போது சௌந்தரவல்லி வேனின் கடைசி சீட்டுக்குப் போய் தைலம்மை பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, வரிசையில் நிற்கும்போது பதினெட்டு வருடமாக 'நீ' என்றே கூப்பிட்டவளை, முதல்முறையாக 'நீங்க' என்று கூப்பிட்டாள்.

"நீங்க அன்னிக்கே பாத்துட்டீங்க, இல்ல?"

"பாத்தேன். கையிலேந்து கீழ விட்டதப் பாத்தேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

தைலம்மை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "மூணு தடவ போன் போட்டுச் சொன்னோம்க்கா. அந்தப் பொம்பள உங்க நம்பரத்தான் திருப்பிச் சொன்னா."

சாயங்காலம் நாலரை மணிக்கு ஊர் வந்தது. சௌந்தரவல்லி வீட்டுக்குப் போகவில்லை. பத்துக்குப் பத்து அட்டையை வேனிலேயே விட்டுவிட்டு, தைலம்மையோடு காலனிக்கு நடந்தாள். கிணற்றில் தானே இறைத்தாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தாள். செல்போனில் பத்தாவது கிணற்றுக்கு நேராக 2,300 என்று அடித்து அனுப்பினாள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்தது. 'பிழையான அளவு. நாளைக் காலைப் பங்கீட்டுக்கு, சௌந்தரவல்லி விதிப்படி 410 எனத் திருத்திப் பதியப்பட்டது. தங்கள் சேவைக்கு நன்றி.'

தைலம்மை என்ன வந்திருக்கிறது என்று கேட்டாள். அவள் படித்துக் காட்டினாள். தன் பெயரை உச்சரிக்கும்போது குரல் உடைந்தது. அங்கேயே கிணற்று மேடையில் உட்கார்ந்து, நாளைக்கும் வருகிறேன், முப்பத்தைந்து நாளும் வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தைலம்மை அவளைத் தேற்றவில்லை. உள்ளே போய் ஒரு தம்ளர் எடுத்துவந்து, வாளியிலிருந்து நிறைய மொண்டு நீட்டினாள்.

"சொட்டு வெச்சா என்னக்கா தெரியும்? நாங்க தம்ளர்லதான் குடிக்கிறோம்."

சௌந்தரவல்லி வாங்கிக் குடித்தாள். பாதியில் குமட்டியது. நிறுத்தாமல் முழுக்கக் குடித்தாள். வெறும் தம்ளரைத் தைலம்மை வாங்கிக்கொண்டாள்.

"கமிட்டி எப்ப வேணா கூடட்டும்," என்றாள். "செவ்வந்தி உள்ளதான் இருக்கா. கருவாடு தின்னு நாமளே புள்ளயக் கொன்னுட்டோம்னு நெனச்சிக்கிட்டு, அஞ்சு மாசமா ஒழுங்கா சாப்பிடறதில்ல. அவகிட்ட நீங்க சொல்லுங்க. அதுக்குக் கமிட்டி வேணாம்ல."

சௌந்தரவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பதினெட்டு வருடத்தில் அந்தத் தெருவின் ஒரு வீட்டு வாசலையும் அவள் தாண்டியதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே போனாள்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. பாயில் படுத்திருந்த செவ்வந்தி, வந்தது யாரென்று பார்த்ததும் அவசரமாக எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். மெலிந்துபோன முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தேங்க்கா," என்றாள். "பத்துக்குப் பத்து."